ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

அக்டோபர் 6, வெள்ளி

இன்று பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கம், கீழ் மூலை. மேலே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற பல் டாக்டர், பக்கத்தில் நாய்க்குட்டி விற்பனை, நடுவில் என் அண்ணன். ‘காணவில்லை. டெரன்ஸ். 1990இல் தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குச் சென்றவர். தகவல் அறிந்தவர்கள் தங்கை பிரிஸ்காவைத் தொடர்புகொள்ளவும்.’ போட்டோவில் முகத்தைத் தவிர எல்லாம் தெரிகிறது. சட்டைக் காலர் பிரமாதமாக விழுந்திருக்கிறது.

அம்மா போன பிறகு வீட்டை என் பெயருக்கு மாற்றத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். “அண்ணன் இருக்காரா, இல்லையா?” என்று கேட்டார்கள். அது தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? வக்கீல் அம்மாதான் வழி சொன்னார். விளம்பரம் போட வேண்டுமாம். யாரும் வரவில்லையென்றால் கோர்ட்டே அவனை இறந்தவனாக வைத்துக்கொள்ளுமாம். “யார் வந்தாலும் போன் பண்ணினாலும் தேதி போட்டு எழுதி வைங்க மேடம்” என்றார். அதனால்தான் ஆபீசில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். ஷிப்பிங் கம்பெனி டைரி, பக்கத்துக்குப் பக்கம் கப்பல் படம். எனக்கென்று வந்து வாய்க்கிறது பார்.

அம்மா இருந்திருந்தால் விளம்பரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பாள். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்போம். வருஷா வருஷம் அப்பா பெயர், சித்தப்பா பெயர் எல்லாம் கொடுப்பாள். “அண்ணன் பேரு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். தட்டு பறந்தது. “அவன் கூட்டாளி ஒருத்தன் இதே வாசல்ல நின்னு, வருவான்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நீ யாருட்டி அவனச் சாவடிக்கதுக்கு?” என்றாள். அப்படி யாரும் வந்ததை நான் பார்க்கவில்லை. நான் ஆபீசில் இருந்த நேரமாம். அம்மா ஆசையில் கண்டது என்று விட்டுவிட்டேன்.

இன்று யாரும் வரவில்லை. சிலிண்டர்காரர் வந்தார். அவர் தகவல் அறிந்தவர் இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

ஒரு போன். வீடு விற்பனைக்கா என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

அண்ணன் வந்துவிட்டான்.

ஒழுங்காக எழுத வேண்டும், வக்கீல் அம்மா படிப்பார். காலையில் குக்கர் வைத்துவிட்டு நின்றேன். கேட் சத்தம். போய்ப் பார்த்தால் வழுக்கைத் தலை, நரைத்த தாடி, தோளில் ஒரு பை, கையில் மடித்த பேப்பர். அந்த ஒன்பதாம் பக்கம். “தங்கச்சி, நான் டெரன்ஸு...” என்றான். குக்கர் விசில் அடித்தது. அதற்கு மேல் அவனைப் பேச விட்டால்தானே? “அண்ணே!” என்று கத்தினேன். கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் வாளியைக் கீழே போட்டாள். கட்டிக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். “ஒண்ணும் சொல்லாத, முதல்ல உள்ள வா” என்று இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தேன்.

சாதம் குழைந்துவிட்டது. குழைந்தால் குழையட்டும்.

அக்டோபர் 12, வியாழன்

லீவு. சீலா மீன் குழம்பு வைத்தேன். முள்ளுக்குப் பயந்து என் தட்டில் தள்ளுகிறவன், இன்று பார்க்காமலே விரலால் முள்ளை உருவி வைத்தான். கடல் எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிட்டது.

அம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி இருந்தது. கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

அக்டோபர் 14, சனி

ஹூபர்ட் அண்ணன் வந்தார். சித்தப்பா மகன். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், இன்னும் எல்லாவற்றையும் மேலே இருந்துதான் பார்ப்பார். வந்தவர் ஒரு வார்த்தை “எப்படிடே இருக்க?” என்று கேட்டிருக்கலாம். போலீஸ்காரர் மாதிரி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“நம்ம பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்குப் பட்டப்பேரு என்னல?”

“ஓர்மை இல்ல” என்றான் அண்ணன்.

என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். “எந்தத் தூத்துக்குடிக்காரன்டி ஓர்மைங்கான்? இது குளச்சல் பக்கத்துப் பேச்சு. டெரன்ஸுக்குப் புருவத்துல வெட்டு உண்டும் பாத்துக்க.”

“எந்தப் புருவம்?”

யோசித்தார். “இடது. இல்ல, வலது.”

இவனுக்கு இரண்டு புருவத்திலும் தழும்பு இருக்கிறது. கப்பலில் குளச்சல்காரர்களோடு முப்பது வருஷம் கிடந்தால் பேச்சு மாறாதா? ஹூபர்ட் அண்ணன் சென்னையில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து ஒரு வருஷம் ‘இன்னாப்பா’ என்று திரிந்தவர்தானே. “ஆதார வாங்கிப் பாருட்டி” என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கலாம். வந்தவனிடம் முதல் வாரமே ஆதார் கேட்க நான் என்ன பேங்கா?

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதினால் ஹூபர்ட் அண்ணன் வாயை அடைத்துவிடலாம்.

பூசை முடிந்து வந்து அலமாரியைத் துடைத்தேன். அண்ணன் பின்னால் வந்து நின்றான். மேல்தட்டில் இருந்த காசெட்டைத் தானே எடுத்தான். “இத இன்னும் வச்சிருக்கியளா?” என்றான். குரல் உடைந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக எடுத்தான். (மரியாதை வேறு! என்னை ‘ஏட்டி குச்சி’ என்று கூப்பிடுகிறவன் இப்போது ‘வச்சிருக்கியளா’ என்கிறான்.)

காசெட்டின் கதையையும் எழுதிவைக்கிறேன். ‘நியூ வேவ் ஹிட்ஸ், வால்யூம் டூ.’ வால்யூம் ஒன் எங்கே போனது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அட்டையில் ஊதா மை தீட்டிய ஒரு பெண், பாதி முகத்தை முடி மறைத்திருக்கும். எண்பத்தாறில் யாரோ கப்பல்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ராகமாலிகா ரெக்கார்டிங் சென்டர்காரர் அதைப் பார்த்துப் பார்த்துக் காப்பி போட்டு விற்றார். மெஷினில் தட்டுகிற டிரம், ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கீபோர்டு, மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரல். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் தெருவில் அந்த வயசுப் பையன்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

அண்ணன் இரண்டு காப்பி போட்டான். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கப்பலுக்கு. உள்ளூர் காசெட்டில் டேப் கொஞ்சம் குறைச்சல். அதனால் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியாது. மழைப் பாட்டு அது. ‘போரிங் டவுன், போரிங் டவுன்’ என்று மழை கொட்டுவதைப் பாடுவான் வெள்ளைக்காரன். எங்கள் காதில் அது ‘போறேன்டா, போறேன்டா’. மூன்றாவது தடவை ‘போறேன்டா’ வந்து, நாலாவதில் ‘போ’வோடு டக்கென்று நின்றுவிடும். பட்டன் மேலே வந்துவிடும்.

அம்மாவுக்கு அந்த இடம் வந்தாலே ஆகாது. அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள். “போறேன்னு சொல்லாதல! போயிட்டு வாரேன்னு சொல்லு!” அவன் உடனே அதே ராகத்தில் “போயிட்டு வாரேன்டா...” என்று இழுத்து முடிப்பான். முடித்த பிறகுதான் எழுந்து பி பக்கம் திருப்பிப் போடுவான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாலும் அப்படித்தான். முடிக்காமல் திருப்ப மாட்டான். கப்பலேறப் போன அன்று வேனிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு அதையே பாடிக்கொண்டு போனான்.

போட்டுக் கேட்கலாம் என்றால் டேப் ரெக்கார்டரில் பெல்ட் இளகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஆபீஸ். பில் வேலை தலைக்கு மேல். பக்கத்து சீட் முத்துப்பேச்சி போனில் பாட்டு வைத்துக்கொண்டு டைப் அடித்தாள். திடீரென்று அந்த டிரம். நாற்காலியிலிருந்து விழாத குறை.

“ஏ பேச்சி, இது உனக்கு எப்படிட்டி தெரியும்?”

“எய்ட்டீஸ் நியூ வேவ் ஹிட்ஸ்க்கா. ரீல்ஸ்ல இதுதான் ஓடுது. நூறு பாட்டு ஒண்ணா போட்டு வச்சிருக்காங்க.”

இவள் பிறக்கும்போது அந்த ரெக்கார்டிங் சென்டர் செருப்புக்கடையாகிவிட்டது. “இதுல என்னட்டி உனக்குப் பிடிக்கி?” என்றேன். யோசித்துச் சொன்னாள். “பாடுறவங்க சோகமா இருக்காங்க, ஆனா காலு சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா.” அண்ணன்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

“ஆனா பாவம்க்கா, இதுல பாதிப் பேரு ஒரே ஒரு பாட்டுதான் பாடியிருக்காங்க. அதுக்கப்புறம் ஆளே காணோம்.”

பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டியதுதான்.

மழைப் பாட்டு வந்தது. போறேன்டா, போறேன்டா, போறேன்டா, போ... நிற்கவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு பெண் குரல் வருகிறது, ஊதுகுழல் வருகிறது. அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு வேறு ஏதோ பாட்டு வந்தது. அதுவும் தப்பு. மழைப் பாட்டுக்குப் பிறகு வர வேண்டியது பி பக்கத்து முதல் பாட்டு, கைதட்டலோடு ஆரம்பிக்கும். என் தொண்டை அதற்குத் தயாராக இருந்தது. நூறு பாட்டு வைத்து என்ன, வரிசை தெரியவில்லையே இந்தப் பிள்ளைகளுக்கு.

அக்டோபர் 20, வெள்ளி

டேப் ரெக்கார்டர் வந்தது. ஹூபர்ட் அண்ணனை வேண்டுமென்றே வரச்சொன்னேன். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். நான் டீ போட்டேன். காசெட்டைப் பென்சிலால் சுற்றி இறுக்கிப் போட்டேன்.

முதல் பாட்டிலேயே அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், அடுத்தது ஆரம்பிக்கும் முன்னாலேயே அதன் முதல் சுரத்தை முனகுகிறான். வரிசை பிசகவில்லை. நான் ஹூபர்ட் அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன். கடைசியில் மழைப் பாட்டு. வாய்விட்டே பாடினான். போறேன்டா, போறேன்டா, போறேன்டா, போ. டக். பட்டன் மேலே வந்தது. அவன் குரலும் அதே இடத்தில், வெட்டி வைத்த மாதிரி நின்றது.

“இப்ப என்ன சொல்லுதிய?” என்றேன்.

ஹூபர்ட் அண்ணன் டீயைக் கீழே வைத்தார். “நானும் அங்கதான் நிப்பேன்.”

“என்னது?”

“எல்லாரும் ராகமாலிகால போட்ட காசெட்டுதானட்டி? ஊர்ல எங்க வயசுல பாதிப் பேரு அந்தப் பாட்ட அங்கதான் நிப்பாட்டுவான். ஹார்பர்ல ஒரு தடவ மைக் டெஸ்ட்ல நான் பாடுதேன், நாலு பேரு சேந்து பாடி நாலு பேரும் சேந்து நிக்கான். இத வச்சி அண்ணன்னு சொன்னா உனக்கு ஊர்பூரா அண்ணன்தான்.”

எனக்குத் தலை சுற்றியது. நிரூபணம் என்று நினைத்தது டீ ஆறுவதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. பாட்டு நின்ற பிறகு, பாடின அவர் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் திரும்பி, அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி, லேசாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். எதற்கு என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்புப் போய்விட்டது. காசெட்டை யாரும் திருப்பிப் போடவில்லை. அவர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார்.

அக்டோபர் 22, ஞாயிறு

எழுதினதைப் படித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசியில் அண்ணனை ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேன். ஆபீஸ் பழக்கம். அங்கே எல்லாரும் அவர், இவர்தான்.

அக்டோபர் 24, செவ்வாய்

வாஷிங் மெஷின் தண்ணீர் விடவில்லை. அவர் பின்னால் கழற்றிச் சரிசெய்தார். கையைத் துடைத்துக்கொண்டே, “தங்கச்சி, ஒரு காரியம் சொல்லணும்” என்றார். பால் பொங்குகிற வாசனை வந்தது. ஓடினேன். பால் பொங்கவில்லை. பால் இன்றைக்கு வாங்கவே இல்லை. அப்படியே பின்வாசல் வழியாகப் பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

ஹூபர்ட் அண்ணன் போனில் சொல்கிறார், நான் அந்த மனுஷனைப் பேசவே விடுவதில்லையாம். சுத்த அபாண்டம்.

அக்டோபர் 25, புதன்

அவர் குளிக்கப் போயிருந்தார். பை திறந்து கிடந்தது. ஆதார் அட்டை மேலேயே இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

ஆபீசில் சத்தம். சரக்கு வாங்குகிற கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘பெல்லார்மின்’ என்று அடித்திருக்கிறேன். மேனேஜர் பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “யாருங்க இந்த பெல்லார்மின்? நமக்கு அப்படி ஒரு பார்ட்டியே கிடையாதே?” எனக்கும் தெரியாது என்றேன். பேச்சி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்போது இறால் வாங்கினேன். அவருக்கு இறால் பிடிக்கும். என் அண்ணனுக்கு இறால் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். வயசானால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எந்த டாக்டர் என்று கேட்காதே.

அக்டோபர் 29, ஞாயிறு

பூசையில் சாமியார் அறிவித்தார். கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் செவ்வாய் சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் கேட்டார். “அம்மைக்கப் பேரு குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சி.”

“வேற...”

“அப்பா பேரு, சித்தப்பா பேரு. அவ்வளவுதான். வேற யாரும் எங்க வீட்டுல சாகல.” எனக்கே என் குரல் அம்மா குரல் மாதிரிக் கேட்டது. வேகமாக நடந்தேன். அவர் பின்தங்கிவிட்டார்.

இவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லலாமா? போய்விட்டால் மறுபடி நான் மட்டும் இந்த வீட்டில், ஒரு டம்ளர் கழுவி வைத்துக்கொண்டு. போகச் சொல்லாவிட்டால் என் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவன் எங்கேயோ இருந்து, நாளைக்கு வந்து நின்று, ‘என் இடத்துல யாருட்டி இது’ என்று கேட்டால்? வருவானா? வரமாட்டான் என்று தெரிந்துதானே விளம்பரமே கொடுத்தேன்? அப்படியானால் கேட்டில் எதற்கு அப்படிக் கத்தினேன்? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

வக்கீல் அம்மா போன். அண்ணன் வந்தது அவர் காதுக்கும் போய்விட்டது. அண்ணனையும் அடையாள அட்டையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர் ஊரில் இல்லை என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயமாக இருக்கலாம்.

அக்டோபர் 31, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, பையைக் கட்டிவைத்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். “தங்கச்சி, இன்னைக்கு நீங்க கேட்டே ஆவணும்” என்றார். நான் ஒரே எட்டில் டேப் ரெக்கார்டரைப் போட்டேன். சத்தமாக வைத்தேன். பாட்டு ஓடும்வரைக்கும் யாரும் பேச முடியாது இல்லையா. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஏ பக்கம் முழுக்கக் கேட்டார். நான் துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

மழைப் பாட்டு வந்தது. போறேன்டா, போறேன்டா, போறேன்டா, போ. டக்.

வீடே அடங்கிவிட்டது. அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார்.

“செரி. நான் போறேன், தங்கச்சி.”

என்னை அறியாமல் வந்துவிட்டது. “போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லணும்.”

அவர் அப்படியே நின்றார். பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“அவன் அப்படித்தான் முடிப்பான்” என்றார்.

அவன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும் பாலையும் துணியையும் பாட்டையும் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு வாசல்ல ஆரம்பிச்சத இப்ப முழுசா சொல்லுங்க” என்றேன்.

“நான் டெரன்ஸுக்க கூட்டாளி. பேரு பெல்லார்மின். குளச்சல்.”

பிறகு அவர் சொன்னதை எல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். மூன்று வருஷம் ஒரே கப்பல், ஒரே கேபின். கேபினில் ஒரே காசெட். இவர் பாடுவார், வெட்டுகிற இடத்தில் நிறுத்துவார், வலது பக்கக் கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் ‘போயிட்டு வாரேன்டா’ என்று முடிப்பான். பிறகுதான் திருப்பிப் போடுவார்கள். தொண்ணூற்று மூன்றில், ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி துறைமுகத்தில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. கம்பெனி கப்பலையும் ஆட்களையும் கைவிட்டுவிட்ட நேரம். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. அங்கே ஒரு கோயில் கல்லறையில் வைத்தார்களாம். பெட்டிக்குள் காசெட்டையும் வைத்தார்களாம்.

“எங்ககிட்ட ஏன் சொல்லல?” என்று கத்தினேன். “முப்பது வருஷம்! எங்கம்மா முப்பது வருஷமா வாசல்ல வெளக்கு அணைக்காம கெடந்தா. ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன், தங்கச்சி. தொண்ணூத்தெட்டுல லீவுக்கு வந்தப்போ. இதே கேட்டு. அம்மைதான் தொறந்தாவ. நான் டெரன்ஸுக்க கூட்டாளின்னு சொல்லி முடிக்கல, கையப் பிடிச்சிட்டாவ. ‘எப்ப வாரான்? எப்ப வாரான்?’ அந்த மொகத்தப் பாத்து எனக்கு வாய் வரல. வருவான்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்குப் போனவன் இந்தப் பக்கமே வரல. பேப்பர்ல போட்டோவப் பாத்ததும், இந்தத் தடவ செத்தாலும் சொல்லிரணும்னு வந்தேன். நீங்க அண்ணேன்னு கட்டிப்பிடிச்சிட்டிய.”

ஆக, ஆள் வந்தது நிஜம். அம்மா கண்டது கனவில்லை. நான்தான் அவளைப் பைத்தியம் என்று நினைத்தேன்.

கையில் மடித்த துண்டு இருந்தது. அதாலேயே அவரை அடித்தேன். தோளில், முதுகில், எங்கே பட்டதோ. அவர் நகரவில்லை. எனக்குக் கை வலித்தது. பிறகு அதே துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். முப்பத்து மூன்று வருஷத்தில் அண்ணனுக்காக முதல் தடவையாக, இறந்தவனுக்கு அழுகிற மாதிரி அழுதேன்.

கோயில் மணி அடித்தது. பெயர் கொடுக்க அதுதான் கடைசி நேரம். முகம்கூடக் கழுவாமல் ஓடினேன். கோயில் ஆபீஸ்காரர் பூட்டிக்கொண்டிருந்தார். “ஒரே ஒரு பேரு” என்றேன்.

நவம்பர் 1, புதன்

வக்கீல் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்லார்மின் சாட்சிக் கையெழுத்துப் போடுவார் என்றும் சொன்னேன்.

“சரி மேடம், மனுவில எழுதணும். இந்த பெல்லார்மின் உங்களுக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.”

“மேடம், குழப்பாதீங்க. இப்பத்தானே அண்ணன் இல்லைன்னு சொன்னீங்க?”

“அந்த அண்ணன் இல்ல. இவரு அண்ணன்.”

“நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார். பாவம், அவருக்கும் தலை சுற்றியிருக்கும்.

நவம்பர் 2, வியாழன், கல்லறைத் திருநாள்

பூசையில் ஒரு பக்கம் ஹூபர்ட் அண்ணன், ஒரு பக்கம் இவர், நடுவில் நான். சாமியார் பெயர்களை வாசித்தார். அப்பா பெயர், சித்தப்பா பெயர், அம்மா பெயர். அதற்கடுத்து, டெரன்ஸ். வாசித்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் ஏதோ இடி விழும் என்று நினைத்திருந்தேன். ஹூபர்ட் அண்ணன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். “வலது புருவம்தான். இப்ப ஞாபகம் வந்துட்டு” என்று என் காதில் சொன்னார்.

கல்லறையில் அம்மாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். இவர் மூன்றாவதாக ஒன்றை ஏற்றி, கொஞ்சம் தள்ளி, கடல் பக்கமாக வைத்தார். காற்றில் அணைந்து அணைந்து போனது. விடாமல் ஏற்றினார்.

சாயங்காலம் வீட்டில் காசெட் போட்டேன். இவர் பாடினார். போறேன்டா, போறேன்டா, போறேன்டா, போ. டக். வலது பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்குப் பாட வராது. கட்டைக் குரல். ஆனாலும் பாடினேன், அதே ராகத்தில், இழுத்து.

“போயிட்டு வாரேன்டா...”

அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இவர் எழுந்து போய்க் காசெட்டைத் திருப்பிப் போட்டார். கைதட்டலோடு பி பக்கம் ஆரம்பித்தது.